ஜீவா பிடித்தல்

தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது அத்தைக்குக் கடைசியாக ஒரு வேலை இருக்கும். பிருடைகளைத் திருகி, தந்தியில் கோத்த மணிகளை எள்ளளவு நகர்த்தி, சாரணையும் அனுசாரணையும் ஒட்டிக்கொண்ட பிறகும் "ஆச்சு" என்று சொல்லமாட்டாள். பூக்கட்டுகிற நூலில் ஒரு துண்டைக் கத்தரித்து, குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் இழுப்பாள்.

"கேக்குதாடா?"

"கேக்குது அத்தை."

"என்ன கேக்குது?"

"சா."

"சா மட்டும் கேட்டா எப்படி? இன்னும் திறக்கலடா."

நூல் இன்னும் ஓர் இம்மி நகரும். அதற்கு முன்னாலும் கிடைக்காது, தாண்டினாலும் கிடைக்காது என்கிற ஓரிடத்தில், அதுவரை மொட்டையாக ஒலித்த தந்தி சட்டென்று விரியும். மந்தரத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத காந்தாரம் எழுந்து வரும். தம்புராவில் இருப்பது நான்கே தந்தி. காந்தாரத்துக்கென்று அதில் ஒன்றும் கிடையாது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "அது தானா வரும், நீ வாயை மூடிக்கிட்டுக் கேளு" என்பாள். அந்த நூலுக்குப் பெயர் ஜீவா. அதை உரிய இடத்தில் நிறுத்துவதுதான் ஜீவா பிடிப்பது.

கல்லூரியில் படித்த இயற்பியலின்படி எதுவும் தானாக வராது. பாடத்தில் வரும் தந்தி பரம சாது. அடிச்சுரம், அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று அதற்குள் பல அதிர்வு முறைகள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனிக் குடித்தனம். மீட்டிய கணத்திலேயே யாருக்கு எவ்வளவு ஆற்றல் என்று பாகப்பிரிவினை முடிந்துவிடும். அதன் பிறகு அவரவர் பங்கு அவரவரிடம் தேய்ந்து அடங்குமே தவிர, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகாது. குளத்தில் இரண்டு கல்லைப் போட்டால் இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று கடந்து போகின்றனவே, அதே கதைதான். கடக்கிற இடத்தில் உயரங்கள் கூடும், கழியும். கடந்த பிறகு முன்பின் பார்த்திராதவர்கள் மாதிரி அதனதன் வழி. இந்தக் கூட்டல் கழித்தல் உலகத்துக்கு நேரியல் என்று பெயர். இரண்டு மடங்கு இழுத்தால் சரியாக இரண்டு மடங்கு எதிர்ப்பு என்ற ஹூக்கின் விதி செல்லுபடியாகும் வரைதான் அதன் எல்லை.

மீட்டிய பிறகு காந்தாரம் வளர்கிறது என்பதுதான் தம்புராவின் குற்றம். பாகப்பிரிவினை முடிந்த வீட்டில் ஒருவன் பங்கு மட்டும் எப்படிக் கூடும்? எவனோ கொடுத்திருக்க வேண்டும்.

இந்தக் குற்றத்தைப் பிடித்து எழுதியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன். தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்கும் மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது தாமஸ் யங்கின் பெயரால் வழங்கும் பழைய விதி. நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் அத்தனையும் மௌனமாக வேண்டும். கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் தம்புராவையும் வீணையையும் சோதித்த ராமன், 1921இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தக் கருவிகள் அந்த விதியை மதிப்பதில்லை என்று காட்டினார். ஒலிக்கக் கூடாதவை உரக்க ஒலித்தன. காரணம் குதிரையில் இருக்கிறது என்றும் கண்டார். வயலின் குதிரை கத்திமுனை போன்றது. தந்தி அதன் மேல் ஒரு புள்ளியில் நிற்கும். தம்புராவின் குதிரை மெல்ல வளைந்து சரியும் தட்டையான மேடை. அதிரும் தந்தி ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேடையைத் தொட்டுவிட்டு எழும். கீழே வரும்போது இடிக்கும், மேலே போகும்போது தடையில்லை. ஹூக்கின் விதி அங்கே செல்லாது.

நேரியல் அல்லாதது என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் கொந்தளிப்பு, குழப்பம், முறிவு என்று ஓடுகிறது. ஒத்ததிர்வு என்றால் அதைவிட மோசம்: சிப்பாய்கள் தாளம் போட்டு நடந்ததால் பாலம் விழுந்தது என்ற கதை. எனக்கு அதைவிட ஊஞ்சல்தான் நல்ல ஆசிரியர். தக்க நேரத்தில் சின்னச் சின்னத் தள்ளு கொடுத்தால் ஊஞ்சல் ஏறிக்கொண்டே போகும் என்பது பாதி உண்மை. வீச்சு கூடக்கூட, ஒரு தடவை போய்வர அது எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடுகிறது. 30 பாகை வரை இந்த வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லை. 90 பாகைக்குப் போனால் 18 சதவீதம். அதாவது, பழைய தாளத்திலேயே தள்ளிக்கொண்டிருப்பவனுக்கும் ஊஞ்சலுக்கும் ஒரு கட்டத்தில் ஒத்துப்போகாது. ஊட்டி வளர்த்த தாளத்தை விட்டே விலகிப் போவது வளர்ந்த பிள்ளையின் குணம். ஊஞ்சலுக்கும் அது உண்டு. நேரியல் உலகத்தில் சுருதி ஒரு பொருளுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. இங்கே எவ்வளவு ஆடுகிறோம் என்பதைப் பொறுத்துச் சுருதியே மாறும். ஒத்துப்போவதும் அதனால் ஒரு தடவை அமைந்தால் போதாது; அமைந்தபடி இருக்க வேண்டும்.

யாருக்கும் யாரோடும் கொடுக்கல் வாங்கல் இல்லாத தந்தியில் துளி நேரியல் அல்லாத தன்மையைக் கலந்தால் என்ன நடக்கும்? இந்தக் கேள்வியைத் தம்புரா இல்லாமல், எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டவர்கள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்தார்கள். அணுகுண்டுக் கணக்குகளுக்காகக் கட்டிய மேனியாக் என்ற கணினி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. 1953 வாக்கில் என்றிகோ ஃபெர்மி, ஜான் பாஸ்டா, ஸ்டானிஸ்லா உலாம் மூவரும் அதற்கு ஓர் அப்பாவிக் கணக்கைக் கொடுக்க நினைத்தார்கள். 32 மணிகளை வில்களால் கோத்து ஒரு சங்கிலி. வில்கள் ஏறக்குறைய ஹூக் சொன்னபடி நடப்பவை. ஆனால் இழுப்பின் இருமடிக்கு ஏற்ப ஒரு சின்னத் திருத்தம் சேர்த்தாயிற்று. ஆற்றல் முழுவதையும் முதல் அதிர்வு முறையில், அதாவது ஒரே வளைவாகத் தந்தி மேலும் கீழும் போகிற அசைவில் வைத்துவிட்டு, விட்டுவிட வேண்டியது.

ஃபெர்மிக்கு இது பழைய கடன். இப்படிப்பட்ட அமைப்புகள் காலப்போக்கில் தமக்கு அனுமதிக்கப்பட்ட எல்லா நிலைகளையும் சுற்றிவரும் என்று நிறுவ 1923இலேயே அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். வெப்பம் பற்றிய நம் அறிவு மொத்தமும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது: தொடர்பு என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் ஆற்றல் எல்லோருக்கும் சமமாகப் பரவிவிடும், தொடங்கிய இடத்தை அமைப்பு மறந்துவிடும். வெந்நீர் ஆறுகிறது, சந்தன வாசனை கூடம் முழுக்கப் பரவுகிறது. மறதி எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று பார்ப்பதே அவர்கள் நோக்கம். நடக்குமா என்ற சந்தேகம் யாருக்கும் இருக்கவில்லை.

தொடக்கத்தில் எதிர்பார்த்தபடிதான் போயிற்று. முதல் முறை குறைந்தது, இரண்டாவது ஏறியது, மூன்றாவது, நான்காவது எட்டிப்பார்த்தன. ஆனால் ஏறியவை அங்கேயே நிற்கவில்லை. ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொண்டிருந்துவிட்டு, வந்த வழியே திரும்பத் தொடங்கின. ஒரு கட்டத்தில், சில சதவீதம் போக மீதி ஆற்றல் மொத்தமும் முதல் முறைக்கே வந்து சேர்ந்துவிட்டது. வெந்நீர் ஆறி, பிறகு அடுப்பில்லாமல் தானே சூடேறி நின்றதைப் போல. ஃபெர்மி 1954 நவம்பரில் இறந்துபோனார். அறிக்கை 1955 மே மாதத்தில்தான் வந்தது. அதன் முகப்பில் வேலை செய்தவர்கள் என்று நான்கு பெயர்களும், எழுதியவர்கள் என்று மூன்று பெயர்களும் இருக்கின்றன. நான்காவது பெயர் மேரி ட்சிங்கு. மேனியாக்குக்குப் புரியும்படி அந்தக் கணக்கை எழுதி, ஓட்டிப் பார்த்தவர். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் புதிர் மூன்று ஆண்களின் முதலெழுத்துகளால்தான் அழைக்கப்பட்டது. தியரி டாக்ஸ்வா என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 2008இல் கவனப்படுத்திய பிறகே நான்காவது எழுத்தும் சேரத் தொடங்கியது. 1972இல் ட்சிங்கு, மென்செல் என்ற மணப்பெயரில், ஜேம்ஸ் டக் என்பவருடன் சேர்ந்து இன்னும் நீண்ட நேரம் கணக்கை ஓட்டிப்பார்த்தார். பல தடவை திரும்பி வந்த பிறகு ஒரு தடவை, முன்னைவிடத் துல்லியமாகத் தொடங்கிய இடத்துக்கே அது வந்து சேர்வதைக் கண்டார். மறதியைத் தேடிப்போன இடத்தில் கிடைத்தது நினைவாற்றல்.

ஏன் மறக்கவில்லை? ஒரு விடை 1965இல் வந்தது. நார்மன் சபுஸ்கியும் மார்ட்டின் க்ரஸ்கலும் சங்கிலியைத் தொடர்ச்சியான ஊடகமாக்கிப் பார்த்தபோது, கால்வாய் நீருக்காக 1895இல் கோர்ட்டவெக், டி விரீஸ் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் எழுதிய சமன்பாடு எதிரே வந்து நின்றது. அந்தச் சமன்பாட்டுக்கும் ஒரு பாட்டன் உண்டு. 1834இல் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில், குதிரைகள் இழுத்துவந்த படகு சட்டென்று நின்றபோது, அதன் முன்னால் திரண்ட நீர் மட்டும் நிற்காமல் ஒரு மேடாக ஓடத் தொடங்கியது. ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் குதிரையேறி அதைத் துரத்தினார். சுமார் 30 அடி நீளம், ஓர் அடி முதல் ஒன்றரை அடி உயரம். மணிக்கு எட்டு ஒன்பது மைல் வேகம். ஒன்றிரண்டு மைலுக்குப் பிறகு கால்வாயின் வளைவுகளில் அதைத் தவறவிட்டார். சபுஸ்கியும் க்ரஸ்கலும் கணினியில் கண்டதும் இதே போன்ற தனிமேடுகள். வழவழப்பான ஓர் அலை செங்குத்தாகி எட்டு மேடுகளாகப் பிரிந்தது. உயரமானது வேகமாக ஓடி, குட்டையைப் பிடித்து, ஊடுருவிக் கடந்து, உருக்குலையாமல் வெளியே வந்தது. சந்தித்ததற்கு ஒரே தடயம், இரண்டும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தன. சாலிட்டான் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் மேடுகள் ஏறக்குறைய ஒன்றுகூடிப் பழைய அலையைக் கட்டியெழுப்பின. சங்கிலியின் நினைவாற்றலுக்கு இது ஒரு சித்திரம்.

இன்னொரு விடை எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் அது சுருதி சேர்ப்பவர்களின் பாஷையில் பேசுகிறது. நேரியல் அல்லாத ஊடகத்தில் அலைகள் ஒன்றையொன்று தொடும் என்பது சரி. ஆனால் தொட்டவுடன் ஆற்றல் கைமாறிவிடாது. இரண்டு அலைகள் சேர்ந்து மூன்றாவதற்கு நிலையாகக் கொடுக்க வேண்டுமானால், முதல் இரண்டின் அதிர்வெண்களைக் கூட்டினால் மூன்றாவதின் அதிர்வெண் வர வேண்டும். அவற்றின் அலை எண்களை, அதாவது ஒரு நீளத்துக்குள் எத்தனை அலை அடங்கும் என்ற கணக்கை, கூட்டினாலும் மூன்றாவதின் அலை எண்ணே வர வேண்டும். காலப் பொருத்தம், இடப் பொருத்தம், இரண்டும். ஒன்று பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால் கொடுத்ததெல்லாம் சில சுற்றுகளிலேயே திரும்ப வாங்கப்பட்டுவிடும்.

இந்தப் பொருத்தம் பார்க்கும்போது ஒவ்வோர் ஊடகமும் ஒவ்வொரு விதம். குளத்து நீரில் சுமார் 2.4 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள சிற்றலை, தன்னில் பாதி நீளமுள்ள அலையோடு சரியாகப் பொருந்துகிறது. நீரின் எடையும் பரப்பு இழுவிசையும் அந்த இடத்தில்தான் அதற்குத் தோதாகச் சந்திக்கின்றன; 1915இல் வில்ட்டன் இதைக் கணக்கிட்டார். ஆழ்கடலின் பெரிய அலைகளில் மூன்று பேருக்கு எந்த நாளும் பொருந்தாது. நான்கு பேராகச் சேர்ந்தால் பொருந்தும் என்று 1960இல் ஓவன் ஃபிலிப்ஸ் காட்டினார். புயலில் காற்று முதலில் கிளப்புவது குட்டை அலைகளை. அவை நான்கு நான்காகப் பேசி நீண்ட அலைகளுக்கு ஆற்றலைக் கடத்துகின்றன. எங்கோ வீசிய புயலின் நெடிய அலை நாட்கள் கழித்து வேறொரு கரையை அடைவதற்குப் பின்னால் இந்தக் கைமாற்றும் இருக்கிறது. அதே நால்வர் கணக்கு இன்னொரு முகமும் காட்டும்: சீரான அலைவரிசை தன்னால் சிதைந்து, ஆற்றல் ஓரிடத்தில் குவியும். 1967இல் ப்ரூக் பெஞ்சமினும் ஃபேரும் இதைத் தொட்டியில் பார்த்தார்கள். 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் டிராப்னர் எண்ணெய் மேடையின் கருவி 25.6 மீட்டர் உயர அலையொன்றைப் பதிவு செய்தது. சுற்றியிருந்த பெரிய அலைகளின் சராசரி உயரம் சுமார் 12 மீட்டர்தான். அந்த அலைக்குக் காரணம் இந்தக் குவிதலா, அலைகள் தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஃபெர்மியின் சங்கிலிக்கு வருவோம். 32 மணிகள் கோத்த சங்கிலியில் இரண்டாவது முறையின் அதிர்வெண் முதலாவதின் சரியான இருமடங்கு கிடையாது. மயிரிழை குறைவு. மூன்றாவது மும்மடங்குக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்டப் பொருத்தம், பொருத்தமில்லை. கிட்டத்தட்ட ஒத்துப்போகும் இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் என்ன கேட்கும் என்று சுருதி சேர்த்த எல்லோருக்கும் தெரியும். விம்மல். ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். சங்கிலியில் ஆற்றல் போய்ப்போய்த் திரும்பியதை அந்த விம்மலின் உறவுக்காரன் என்று சொல்லலாம். மேனியாக் மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது, சுருதி சேராத ஒரு தந்தியை.

அப்படியானால் அந்தச் சங்கிலி ஒருநாளும் மறக்காதா? திருத்தம் பெரிதாக இருந்தால் மறக்கும். ஒவ்வோர் ஒத்ததிர்வுக்கும் ஓர் அகலம் உண்டு. வீச்சு கூடினால் அகலமும் கூடி, பக்கத்து ஒத்ததிர்வின் எல்லைக்குள் கால் வைக்கும். அப்படி மேல்விழும்போது ஒழுங்கு உடைகிறது என்று 1966இல் இஸ்ரைலேவும் சிரிகோவும் காட்டினார்கள். திருத்தம் சிறிதாக இருந்தால்? மிகெல் ஒனோராட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் சொன்ன விடை, அப்போதும் மறக்கும். ஆனால் ஆறு அலைகள் கூட வேண்டும். மூன்று பேருக்குப் பொருந்தாது. நான்கு பேருக்குப் பொருந்தினாலும் அது தனித்தனித் தீவுகளாக நின்றுவிடும், ஊர் முழுக்கப் பரவாது. ஆறு பேர் கூடும்போதுதான் எல்லாரும் எல்லாரோடும் ஏதோ ஒரு வழியில் இணைகிறார்கள். அதற்கான காத்திருப்பு, திருத்தத்தின் அளவைக் குறிக்கும் எண்ணின் எட்டாம் அடுக்குக்கு எதிர்விகிதம். திருத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் 256 மடங்கு நேரம்.

இந்த 256 எனக்கு ஒரு பழக்கத்தை மாற்றியது. கலக்கவில்லை என்றால் தொடர்பில்லை என்று பொருள் கொள்வது நம் வழக்கம். தொடர்பு இருந்தால் கலந்துவிடும் என்பது அதன் மறுபக்கம். சங்கிலியில் தொடர்பு முதல் கணத்திலிருந்தே இருந்தது. பொருத்தமான கூட்டம் கூடவில்லை, அவ்வளவுதான். அது கூடும்வரை வெளியே நின்று பார்ப்பவனுக்குக் கொடுப்பதும் வாங்குவதுமாக அதே பழைய விளையாட்டு, என்றென்றைக்கும் நடப்பதுபோல் தெரியும். ஃபெர்மியின் சங்கிலி பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட நேரத்துக்குள் அதனால் விடை சொல்ல முடியவில்லை.

தம்புரா ஏன் காக்க வைப்பதில்லை என்பதும் இப்போது புரிகிறது. மெல்லிய, நீண்ட, இழுத்துக் கட்டிய தந்தியில் மேற்சுரங்கள் ஏறக்குறைய முழு எண்களிலேயே நிற்கின்றன. இரண்டும் இரண்டும் நான்கு. இரண்டும் மூன்றும் ஐந்து. காலப் பொருத்தம் சுருதியிலேயே இருக்கிறது. குதிரையின் தொடுகை தந்தியின் ஒரு முனையில் மட்டும் நடப்பதால் இடப் பொருத்தத்தின் கெடுபிடியும் தளர்ந்துவிடுகிறது. கறாரான கணிதம் இதைவிடச் சிக்கலானது. ஆனால் கொடுக்கல் வாங்கலுக்குக் கதவு எங்கே என்பது தெளிவு. மந்தரத் தந்தியின் "சா" என்ற சுரத்துக்கு மேலே இரண்டு ஸ்தாயி தாண்டி ஐந்தாவது மேற்சுரம்தான் அந்தக் காந்தாரம். அடிச்சுரத்திலும் அதன் அண்டை அயலிலும் இருந்த ஆற்றல், ஒவ்வொரு சுற்றிலும் குதிரையைத் தொடும் அந்தச் சிறு இடிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. அத்தை சொன்ன "தானா வரும்" என்பது இதுதான். தானாக வரவில்லை. கீழே இருப்பவை கொடுத்து வருகிறது.

நூல் செய்வது ஒன்றே ஒன்று. தந்திக்கும் குதிரைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று தீர்மானிக்கிறது. நூல் எட்டிப்போய்விட்டால் தந்தி மேடையில் அப்பிக் கரகரக்கும். நெருங்கிவிட்டால் தூக்கி நிறுத்தப்பட்டு, பாடப்புத்தகத்துத் தந்தியாக மொட்டையாக ஒலிக்கும். நடுவில் ஒரு நூலிழை அகலத்தில்தான் உயிர். எப்போது மீட்டினாலும் வீச்சு முதலில் பெரிதாகவும் பிறகு சிறிதாகவும் இருப்பதால், தொடுகையும் கணத்துக்குக் கணம் மாறுகிறது. மேற்சுரங்கள் மேலிருந்து கீழாக ஒரு விசிறிபோல் மடங்கி அடங்குகின்றன. ஊஞ்சலிடம் கற்றதுதான்: ஆடும் அளவு மாறினால் ஒத்துப்போகும் இடமும் மாறும். அதனால்தான் ஜீவா ஒருநாள் பிடித்தது மறுநாள் நிற்பதில்லை. மழை நாளில் ஓரிடம், வெயில் நாளில் ஓரிடம்.

அத்தை போன பிறகு தம்புரா என்னிடம் வந்தது. எனக்குப் பாட்டு வராது. மாதம் ஒரு நாள் தூசி தட்டி, சுருதி சேர்த்து, பூக்கடை நூலை மடித்துச் செருகிப் பார்ப்பேன். இவ்வளவும் தெரிந்தும் இடம் எனக்குச் சட்டென்று கிடைப்பதில்லை. அரை மணி நேரம் ஆகும். போன தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் பொறுமையிழந்து, "என்னப்பா கேக்குது?" என்றாள்.

"சா."

"நானும் அதான் கேக்குறேன்."

நூலை இன்னும் ஓர் இம்மி இழுத்தேன்.